கூப்பிடாமலே லினக்ஸ் போட்டுத் தருபவர்

கொசுவுக்கு அடுத்தபடியாக, இந்த இரண்டாயிரத்து இரண்டில் மதுரையில் பெருகியிருக்கும் இனம் ஒன்று உண்டு: பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தருபவர். கூப்பிட வேண்டாம், தானே வருவார். கப்பலூர் கம்பெனிகள் கழித்துக்கட்டிய பெட்டிகளையெல்லாம் வண்டியின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போய் உயிர் கொடுத்தவர், பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, நீங்கள் நீட்டும் காபி ஆறுவதற்குள் உங்கள் பெட்டியின் மூடியையும் கழற்றிவிடுவார். "விண்டோஸ் நல்லாத்தானே ஓடுது?" என்றால் முகம் வாடும். ஓடுகிற கம்ப்யூட்டர் அவருக்கு ஆகாது.

எங்கள் வில்லாபுரத்துக்கு வாய்த்தவர் சௌரிராஜன். பக்கத்து வீட்டுத் தவசி, "பெட்டி கொஞ்சம் மெதுவா ஓடுது தம்பி" என்று அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பாவம்! அந்தப் பெட்டியில்தான் மகள் பவதாரிணியின் கல்யாணப் பத்திரிகை இருந்தது. லேசுப்பட்ட பத்திரிகையா அது? யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்று மூன்று வாரம் பஞ்சாயத்து நடந்து, தாய்மாமன் வெள்ளைத்துரையைச் சமாதானப்படுத்தக் கல்லுப்பட்டிக்கு நாலு நடை நடந்து, கடைசியில் அவர் மூன்றாவது வரிக்கு இறங்கிவந்த பத்திரிகை. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும்.

"பயப்படாதீங்கண்ணே, டி டிரைவ்ல காப்பி போட்டுட்டேன்" என்றார் சௌரிராஜன்.

போட்டார், அதே டிஸ்க்கின் இன்னொரு மூலையில். பிறகு, மொத்த டிஸ்க்கையும் அழித்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று லினக்ஸ் கேட்டது. தாராளமாக என்றார். சாமான்களைப் பத்திரமாக அடுத்த அறையில் வைத்துவிட்டு வீட்டையே இடித்த கதைதான்.

"பத்திரிகை எங்கப்பா?"

"அது போயிருச்சுண்ணே. ஆனா பட்டனைத் தட்டுனதும் எம்புட்டு வேகமா பூட் ஆகுது, பாருங்க!"

தவசி நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே ஆத்திரம் வந்தது. சேதி பரவியதும் உறவினர் ஒவ்வொருவருக்கும் தத்தம் பெயர் இருந்த இடம் சௌகரியப்படி ஞாபகம் வந்தது.

"எம்பேரு மொத வரியிலதான இருந்துச்சு? இல்லேன்னா நான் எதுக்குக் கல்யாணத்துக்கு வாரேன்?" என்று போனில் கேட்டார் வெள்ளைத்துரை.

ஐந்தாவது நடைக்குத் தவசி பஸ் ஏறிவிட்டார். சௌரிராஜன் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அடுத்த தெருவில் மூடி கழற்றிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் அந்த இனமில்லை, அப்படித்தானே? சரி. இவ்வளவும் படித்த பிறகு, மாமன் கல்யாணத்துக்கு வந்தாரா என்று கேட்கத் தோன்றியதா, இல்லை, பூட் ஆக எத்தனை விநாடி என்றா?

நாற்பத்திரண்டு. நான்தான் கடிகாரம் பார்த்தேன்.