கலசபுரியில் கவிழ்த்த வெள்ளிக்கிழமை

குடிநீர் ஏரிகளையெல்லாம் தூர்த்து மாளிகை கட்டிவிட்டு, வாசலுக்கு வாசல் தண்ணீர்க் கலசம் வைத்த நாடு ஒன்று இருந்தது. பெயர் கலசபுரி. கலசத்தில் மன்னரின் திருமுகம் பொறித்திருக்கும். அது எப்போதும் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். முதலில் கவிழ்ப்பவருக்குச் சிரச்சேதம் என்பது சட்டம்.

அந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்தது வரிக்கால் கொசு. கொஞ்சமும் வெட்கமில்லாமல் பட்டப்பகலிலேயே கடித்தது. வீடு வீடாகக் காய்ச்சல் பரவியது. சுகாதார அமைச்சர் பெருங்கோ முரசறைவித்தார்: “நம் நாட்டில் கொசுவே இல்லை. உண்டு என்போர் அயல்நாட்டுக் கைக்கூலிகள்.” பிணங்கள் கூடியதும் அடுத்த ஆணை வந்தது: “மக்களின் விசுவாசக் குறைவே காய்ச்சலுக்குக் காரணம். இனி வீட்டுக்கு இரண்டு கலசம்!”

மீன் விற்கும் வேலுத்தாய் மூத்தவனை அந்தக் காய்ச்சலுக்குத்தான் பறிகொடுத்திருந்தாள். சின்னவள் பூமயில் மட்டுமே மிச்சம். பக்கத்து வீடுவரை காய்ச்சல் வந்துவிட்டது. கலசத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கொசுப்புழுக்கள் கும்மாளமிட்டன. பாவிகள், எமனை நிரப்பி வாசலில் வைத்துக் கும்பிடச் சொல்லியிருக்கிறார்கள்!

தெருத்தெருவாகப் போய் ஆட்களைக் கூட்டினாள். “வெள்ளிக்கிழமை அரண்மனைச் சங்கு ஊதுனதும் எல்லாரும் ஒண்ணாக் கவுக்கணும். ஒரு வீடு விட்டுப்போனாலும் அங்கேருந்து கொசு பறந்து வந்துரும்.”

“தலை போயிருமே தாயி,” என்றார் எதிர்வீட்டுக் குப்பாண்டி.

“புள்ள போனதுக்கப்புறம் தலைய வச்சு என்ன செய்யண்ணே?”

சங்கு ஊதியது. ஊரே கவிழ்த்தது. தளபதி மூச்சிரைக்க ஓடிவந்தார். “முதலில் கவிழ்த்த துரோகி யார்?”

“பக்கத்து வீட்டப் பாத்துத்தான் கவுத்தேன் சாமி,” என்றார்கள் ஒவ்வொரு வீட்டிலும். முதல் ஆள் கிடைக்காமல் சட்டம் திருதிருவென விழித்தது.

வாராவாரம் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் நிறைத்தார்கள். எட்டாவது வெள்ளியில் ஊரில் புதுக் காய்ச்சல் ஒன்றுகூட இல்லை. பூமயில் தெருவில் ஓடி விளையாடினாள்.

அமைச்சர் கொஞ்சமும் கூசாமல் மேடையேறினார். “காய்ச்சலை வென்றவை மன்னரின் கலசங்களே! விஷமிகள் தொடாதபடி அவற்றைச் சிமெண்டில் பதிக்க ஆணையிடுகிறோம். தேர்தலுக்குள் பணி முடியும்.”

மறுநாளே கொத்தனார்கள் வந்தார்கள். “நாளைச் சாயங்காலம் வரைக்கும் கை வைக்காதீங்கக்கா,” என்றார் வேலுத்தாய் வாசலில் பூசியவர். “இறுகிட்டா அப்புறம் கடப்பாரைக்கும் அசையாது.”

வேலுத்தாய் ஈரச் சிமெண்டையே பார்த்தாள். பிறகு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“குப்பாண்டியண்ணே, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது. எல்லாரையும் இப்பவே கூப்பிடுங்க.”