புளி போட்டுத் தேய்த்த சக்

புதுசாக எந்தச் சாமான் வந்தாலும் கழுவாமல் உள்ளே விடமாட்டேன். எவர்சில்வர் குடமோ, பிள்ளைக்கு வாங்கிய கிலுகிலுப்பையோ, முதலில் என் கையால் ஒரு குளியல் போட்டாக வேண்டும். (கடைக்காரன் கை எங்கெங்கே போய்விட்டு வந்ததோ, யார் கண்டது?) கல்யாணமான புதிதில் இந்தக் குணத்தால் எங்கள் பிழைப்பிலேயே மண்ணைப் போட இருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். வாழ்க்கைப்பட்டது மேனாம்பேட்டில். எங்கள் வீட்டுக்காரர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, தம்பி சேகரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு, இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒரு பெரிய கம்பெனி ஆள் நேரில் வந்து, கண் முன்னால் கடைந்து காட்டச் சொல்லப் போகிறார். பிடித்துவிட்டால் நிரந்தரமாக வேலை வரும். பிடிக்காவிட்டால் இவர் பழைய முதலாளியிடமே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதற்காகவே புதுச் சக் வாங்கினார்கள். லேத் சுற்றும்போது இரும்பைக் கவ்விப் பிடிக்குமே, அந்த வாய்தான் சக். பெட்டியைத் திறந்தால் பழுப்பாக கிரீஸ் அப்பிக் கிடந்தது. உடனே அண்ணன் தம்பிக்குள் சண்டை.

"பிரிச்சு மண்ணெண்ணெயில கழுவிட்டுத்தான் மாட்டணும்" என்றார் இவர்.

"இன்னா அண்ணாத்தே, புத்தம் புது மாலு. தெரியாமயா கிரீஸ் வெச்சு அனுப்பிகீறான்? நோண்டாத, அப்டியே மாட்டு" என்றான் சேகர்.

இவர் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கிடையாது. ரேஷனில் அந்த வாரம் ஊற்றவில்லை. இரண்டு பேரும் டின்னைத் தூக்கிக்கொண்டு, சைக்கிளிலும் சண்டை போட்டபடியே கொரட்டூர் பக்கம் தேடப் போனார்கள்.

மண்ணெண்ணெய் எதற்கு, வீட்டில் புளி இருக்கிறதே! இவர் செய்வதைப் பார்த்திருந்ததால் பெட்டியோடு வந்த சாவியைப் போட்டுத் திருகினேன். இரும்பைக் கவ்வும் தாடை மூன்றும் கழன்று வந்தன. கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சோப்புத்தூள், தேங்காய் நார். ரசத்துக்கு நெல்லிக்காயளவு புளி என்றால் இதற்குத் தேங்காயளவு. கை ஓயும்வரை தேய்த்ததில் பூஜை விளக்கு மாதிரி பளபளத்தது. தாடைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் வெட்டியிருந்தது. (அதெல்லாம் கடைக்காரன் கணக்கு, நமக்கென்ன!) கைக்கு வந்த வரிசையில் சொருகி, சந்தனம் குங்குமமும் வைத்துவிட்டேன்.

வெறும் டின்னோடு திரும்பியவர் அசந்துபோனார். "எப்படிம்மா இது?" என்றார். "ஆவடிக்காரிகிட்ட கேக்கற கேள்வியா?" என்றேன். அம்மா வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் வரவழைத்தேன் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். எதில் கழுவினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா மனுஷன்?

மறுநாள் கம்பெனிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். வெள்ளைவெளேரென்ற சட்டை. அவர் எதிரிலேயே சக்கை மாட்டினார்கள். சாவியைத் திருகும்போதே உள்ளே கரகரவென்றது. இவர் முகம் மாறியது. இருந்தும் சுவிட்சைப் போட்டார். கவ்வியிருந்த இரும்பு ஆடியது பாருங்கள் ஒரு ஆட்டம், சாமி வந்தவர்கள்கூட அப்படி ஆடி நான் பார்த்ததில்லை! அடுத்த நொடி சக்குக்குள் தேங்கியிருந்த துருத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து, அந்த வெள்ளைச் சட்டையில் குறுக்கே கோடு போட்டது.

சேகர் பாய்ந்து நிறுத்தினான். கம்பெனிக்காரர் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"என்னப்பா, ரசம் வாசனை வருது?"

அண்ணன் தம்பி இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பயத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"புதுப் பாத்திரம்னா புளி போட்டுத் தேச்சுட்டுத்தானே சார் அடுப்புல ஏத்துவோம்? சட்டையைக் கழட்டிக் குடுங்க, அஞ்சே நிமிஷத்துல..."

"வேணாம்மா! நீங்க எதையும் கழுவ வேணாம்!" என்று பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்குப் போனார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்தபோது திரும்பி, "அடுத்த வாரம் வரேன். அன்னிக்கு அம்மாவை எங்கயாவது அனுப்பிடுங்க" என்றார். அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்தது, சத்தியமாகப் பார்த்தேன்.

அன்று இவர், நம்பர் மாறிச் சொருகியிருந்த தாடைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, சக்கைக் கடைசித் திருகாணிவரை பிரித்தார். என் புளி எட்டாத பின்பக்கத்தில் சக் செய்தவன் வைத்த கிரீஸ் அப்படியே இருந்தது. அதற்குள் பொடிப்பொடியாக இரும்புத் தூள்!

"இதோட ஓட்டியிருந்தா சக்கே வீணாப் போயிருக்கும்" என்றார் இவர். சேகர் ஒரு துணியை எடுத்துக் கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அப்ப நான் கழுவினது நல்லதுக்குத்தானே?" என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் முதல்முறையாக ஒற்றுமையாக என்னை உள்ளே போகச் சொன்னார்கள். அடுத்த வாரம் என்னை ஆவடிக்கு பஸ் ஏற்றினார்கள். ஆர்டர் கிடைத்துவிட்டது.

பல வருஷம் கழித்து எங்கள் மகள் கல்யாணம். ஆரத்தித் தட்டோடு நான் நிற்கிறேன், மாப்பிள்ளை வாசற்படியில் காலை வைக்கிறார். கூட்டத்திலிருந்து சேகர் கத்தினான்: "மாப்ளே, உஷாரு! புதுசா எது வந்தாலும் எங்க அண்ணி புளி போட்டுத் தேச்சுடும்!"

இன்றைக்கும் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறார்: "குளிச்சுட்டுத்தான் வந்திருக்கேன் அத்தை."