பூரிக்கு ஆடி அழைப்பு

வேலை கிடைத்தும் வேலைக்குக் கூப்பிடப்படாத இன்ஜினியரைப் போல ஆபத்தான பிராணி வேறு கிடையாது. படித்த திமிர் இருக்கும், செய்ய வேலை இருக்காது, கண்ணில் படுவதையெல்லாம் சீர்திருத்தத் தோன்றும். 2009-இல் நான் அந்தப் பிராணியாக இருந்தேன். கல்லூரிக்கே வந்து என்னைத் தேர்ந்தெடுத்த கம்பெனி, ‘உலகப் பொருளாதாரம் சரியானதும் சொல்லி அனுப்புகிறோம்’ என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டது. உலகப் பொருளாதாரத்துக்கு என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லாததால், திருப்பாதிரிப்புலியூர் தெருநாய்களைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அடிபட்டது, சொறி பிடித்தது, தாயைத் தொலைத்தது என்று எதைப் பார்த்தாலும் ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போவேன். கொல்லையில் வைத்துத் தேற்றுவேன். பிறகு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பேன். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் என் திறமை முழுதாக வெளிப்படும். நாய் கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்து, சொந்த வீடா வாடகையா, மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிட மாட்டீர்களே, வீட்டில் பெரியவர்கள் எப்படி, கோபக்காரர்களா என்று குடைந்தெடுப்பேன். ஒருவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, “எங்க பொண்ணுக்கு மாப்ள பாத்தப்பகூட இவ்ளோ கேக்கலம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். (நாய் இல்லாமல்தான் போனார்.)

பூரி, ஒரு டிபன் கடைக்குப் பின்னால் கிடைத்தவள். உடம்பெல்லாம் எலும்பு; வயிறு மட்டும் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்ததுபோல் உப்பியிருந்தது. பூச்சி மருந்து கொடுத்ததும் வயிறு அமுங்கிவிட்டது, பெயர் அமுங்கவில்லை. “இது வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்” என்று முதல் நாள் மிரட்டிய அம்மா, அடுத்த வாரமே அவளுக்குப் பால்சோறு பிசைந்து விரலால் ஊட்டிக்கொண்டிருந்தார். (அம்மாவுக்கு அண்ணனே கிடையாது. பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரம் செய்யும் ஒரு தம்பிதான், என் மாமா.)

பூரியைக் கேட்டு சிதம்பரத்திலிருந்து எஸ்தர் டீச்சர் வந்தார். கணவர் துபாயில், வீட்டில் டீச்சரும் நாலாம் வகுப்பு படிக்கும் ஜெனியும் மட்டும். என் கேள்விகள் அத்தனைக்கும் டீச்சர் அசராமல் பதில் சொன்னார். கணக்கு டீச்சர் என்பதால் சிலவற்றுக்கு வழிமுறையும் சொன்னார். அம்மா பூரியின் நெற்றியில் குங்குமம் வைத்து, ஜெனியின் கையில் முறுக்கு டப்பாவைக் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றைக்குச் சாயந்திரம் கொல்லைக் கதவைச் சாத்தும்போது அம்மா மூக்கை உறிஞ்சியதை நான் பார்த்தேன். “வெங்காயம்” என்றார். அன்றைக்கு வீட்டில் உப்புமா. அதற்கு வெங்காயமே போடவில்லை.

அதற்குப் பிறகு ஆடி பிறந்தது. எதிர்வீட்டில் புதிதாகக் கல்யாணமாகிப் போன பெண்ணை, வழக்கப்படி முதல் ஆடிக்கு அழைத்துவந்துவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து அவள் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “எல்லா வூட்டுப் பொண்ணும் வருது. நம்ம பூரிக்கும் இது தல ஆடிதான்” என்றார்.

அது ஒரு பெருமூச்சு. வேறு எந்த வீட்டிலாவது அது பெருமூச்சாகவே போயிருக்கும். எங்கள் வீட்டில் வேலையில்லாத இன்ஜினியர் ஒருத்தி இருந்தாளே! அன்று மாலைக்குள் அது திட்டமாகிவிட்டது. பூரி மட்டும் எதற்கு? நான் வாழ்க்கைப்படுத்திய எல்லா நாய்களையும் பிறந்த வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தால் என்ன? உடனே ஒரு பிளெக்ஸ் அடித்தேன். நடுவில் பூரியின் முகம் பெரிதாக, சுற்றிலும் மற்ற நாய்களின் படங்கள், மேலே ‘தாய்வீடு அழைக்கிறது’. செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை பார்த்த அப்பா, அதை வாசலில் கட்டியதைப் பார்த்துவிட்டு, விருந்து நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தானே கேட்டு ஓவர்டைம் வாங்கிக்கொண்டார்.

டீச்சருக்குப் போன் செய்தேன். “எங்களுக்கு ஆடியெல்லாம் கெடையாதுப்பா” என்று சிரித்தார். “ஆனா உங்கம்மா ஆசப்படுறாங்க. ஒரு ராத்திரிதான? கூட்டிட்டுப் போங்க.”

சனிக்கிழமை மாமாவின் ஆம்னியில் சிதம்பரம் போனோம். சீசன் முடிந்தும் வண்டியில் பலாப்பழ வாசனை போகவில்லை. மாமா வழியெல்லாம் புலம்பிக்கொண்டே ஓட்டினார். “பொண்ணு அழைக்கப் போற வண்டியா இது? நாளைக்கு எவனாச்சும் வண்டி எங்க போச்சுன்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்? நாய சீரோட அழைச்சாரப் போச்சுன்னா?”

டீச்சர் வீட்டு வாசலில் பூரியைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ரோமம் பளபளவென்று, கழுத்தில் சிவப்புப் பட்டை, நடையில் ஒரு நிதானம். என் கையை மோந்து பார்த்தாள். பேங்க்கில் பார்த்த முகமாயிற்றே என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்வோமே, அந்த மரியாதை. பிறகு ஜெனியின் காலடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆம்னியில் அவளை ஏற்றியபோது ஜெனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நாளைக்கே கொண்டாந்து விட்ருவீங்கல்ல?”

“பின்ன? அக்கா இன்ஜினியர்டா” என்றேன். (இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் குழந்தை கேட்காதது அதன் நாகரிகம்.)

திருப்பாதிரிப்புலியூரில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். பூரி இறங்கினாள், வழியில் சாப்பிட்டதையெல்லாம் கோலத்தின் மேல் வாந்தியெடுத்தாள், கேட் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். அம்மா தேங்காய்ப் பால் காய்ச்சி வைத்திருந்தார். தொடவில்லை. பால்சோற்றை விரலில் எடுத்து நீட்டினார். பூரி முகத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டைப் பார்த்தாள்.

“மறந்துட்டா போல” என்றார் அம்மா. விரலைக் கழுவ உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நானோ, பிரவுசிங் சென்டரில் படித்ததை வைத்து, புது இடத்தில் நாய்கள் முதல்நாள் இப்படித்தான் இருக்கும் என்று அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். அது எங்கள் வீடு, பூரிக்குப் புது இடமே இல்லை என்பது என் விளக்கத்தில் இருந்த சிறிய ஓட்டை.

ஞாயிறு மதியம் விருந்தாளிகள் வந்தார்கள். ஒரு காலத்தில் நிழலைக் கண்டே நடுங்கிய டைகர், இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பின் முதலாளிபோல் இருந்தான். நடக்கும்போது தொப்பை இரண்டு பக்கமும் ஆடியது. லாரியில் அடிபட்டு ஒரு காலை இழந்த முக்கால், பண்ருட்டி முந்திரி மண்டியிலிருந்து வந்திருந்தான். (அதுவும் லாரியில், டிரைவர் பக்கத்து சீட்டில், காற்று வாங்கிக்கொண்டு.) எல்லாரும் நன்றாக இருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் நன்றாக இருந்ததற்குக் காரணமே, நான் கொடுத்துவிட்டு அதற்குப்பின் தலையிடாமல் இருந்ததுதான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

“விருந்துன்னா எல போட்டுத்தான்” என்றார் அம்மா. வாசலில் வரிசையாக வாழையிலை போட்டு, மாமா கறிச்சோற்று வாளியோடு பந்தி விசாரித்தார். டைகர் தன் இலையை முடித்தான், இலையையும் சேர்த்து. அடுத்து முக்காலின் இலையில் வாயை வைத்தான். முக்காலுக்குக் கால்தான் குறைவு, கோபம் குறைவில்லை. அடுத்த நொடி வாசல் முழுக்கச் சோறும் ரோமமும் பறந்தன. சரியாக அதே நேரத்தில் தெருமுனை அம்மன் கோயிலுக்குக் கூழ்க்குடம் வர, பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். மாமா வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, “அக்கா, கடிச்சுப்புடும்க்கா!” என்று கத்தியபடி கேட்டைத் திறந்து வெளியே ஓடினார். அவருக்கு முன்னால் பூரி ஓடினாள்.

பம்பைச் சத்தத்துக்கு எதிர்த்திசையில் ஒரு பழுப்பு நிறம் சந்து திரும்பியது. அவ்வளவுதான்.

தேடினோம். கடைத்தெரு, ஸ்டேஷன், மார்க்கெட் எல்லா இடத்திலும் “பூரி! பூரி!” என்று கூப்பிட்டபடி ஓடினேன். ஒரு ஓட்டல்காரர், “சாயந்தரம்தாம்மா போடுவோம்” என்றார். மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. வாசலில் இருந்த பிளெக்ஸை அவிழ்த்து ஆம்னியின் முன்பக்கம் கட்டினார். பூரியின் படம் பெரிதாக இருக்கிறது, பார்த்தவர்கள் சொல்வார்கள் அல்லவா? பெரிய படம், மேலே ‘தாய்வீடு அழைக்கிறது’, மெதுவாக ஊர்ந்து போகும் வண்டி, உள்ளே அழுதுகொண்டிருக்கும் அம்மா. ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, “பாவம், என்னா ஒடம்புக்கு? எப்ப எடுக்குறாங்க?” என்று கேட்டார்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “டீச்சருக்குப் போன் பண்ணு.”

“இன்னும் கொஞ்சம் தேடிட்டு...”

“அந்தப் புள்ள வாசல்ல ஒக்காந்துருக்கும்டி. பண்ணு.”

பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். டீச்சருக்குப் பின்னால் ஜெனி, “அம்மா, கெளம்பிட்டாங்களாம்மா?” என்று கேட்பது கேட்டது. “அடுத்த பஸ்ல வர்றோம்” என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெனியின் முகம் வீங்கியிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். “மணி என்னாக்கா?”

ஐந்தேமுக்கால் என்றேன்.

“தெனம் ஆறு மணிக்கு எங்க வீட்ல அம்மா டியூஷன் எடுப்பாங்க. பூரி எங்க இருந்தாலும் அந்நேரத்துக்கு வந்து எங்க நடுவுல படுத்துக்கும். வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சா போதும், ஓடியாந்துரும்.” டீச்சரைப் பார்த்தாள். “சொல்லிட்டே போலாமாம்மா?”

டீச்சர் தயங்கவேயில்லை. “எட்டாம் வாய்ப்பாடு. எல்லாரும் சத்தமா.”

எல்லாரும் என்றால் எல்லாரும். தேரடி வீதியில் முன்னால் ஜெனியும் டீச்சரும், பின்னால் நான், அம்மா, மாமா. “ஓரெட்டு எட்டு! ஈரெட்டு பதினாறு!” ஜனங்கள் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். “அறிவொளி இயக்க ஊர்வலமா?” என்று ஒருவர் கேட்டார். எட்டு முடிந்து ஒன்பது, ஒன்பது முடிந்து பத்து, பிறகு பதினொன்று. மாமா பத்தோடு பின்தங்கிவிட்டார். வாயை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் ஏழாவது வரியில் நான் “எண்பத்தேழு” என்று கத்தினேன்.

டீச்சர் நின்றார். திரும்பிப் பார்த்தார். “தொண்ணுத்தி ஒண்ணு” என்றார், மிகப் பொறுமையாக. “மறுபடியும் முதல்லேருந்து.”

“ஒரு பதிமூணு பதிமூணு...” என்று நான் தனியாக, நடுத்தெருவில், பெரிய பெண், கழுத்தில் நாய்ச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். அப்போதுதான் தேர் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு அடியில் ஏதோ அசைந்தது. முதலில் மூக்கு வந்தது. பிறகு ஒட்டடை படிந்த தலை. ஜெனியும் என்னோடு சேர்ந்துகொண்டாள். அழுதுகொண்டே, “முப்பதிமூணு முப்பத்தொம்பது” என்றாள். பூரி தரையோடு தரையாகத் தவழ்ந்து வெளியே வந்தாள். ஜெனியைக் கண்டதும் பாய்ந்து மேலே விழுந்தாள். இரண்டு பேரும் மண்ணில் உருண்டார்கள். அந்த அழுகையில் எது நாயினுடையது, எது பிள்ளையினுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அம்மா பக்கத்தில் போகவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சநேரம் கழித்துப் பூரி தானாக வந்து அவர் விரல்களை ஒருமுறை நக்கிவிட்டு, உடனே ஜெனியிடம் திரும்பிப் போய்விட்டாள்.

“மறக்கலடி” என்றார் அம்மா என்னிடம். “அதுக்கு அங்க வேல இருக்கு. ஒன்ன மாதிரியா?”

அன்றைக்கே மாமாவின் ஆம்னியில் அவர்களைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட்டோம். அடுத்த ஆடியிலிருந்து அம்மா தட்டு, பழம், புது கழுத்துப்பட்டை சகிதம் பஸ் ஏறி அங்கே போக ஆரம்பித்துவிட்டார். டியூஷன் பிள்ளைகளுக்கு நடுவே படுத்திருக்கும் பூரியைப் பார்த்துவிட்டு, சாயந்திரமே திரும்பிவிடுவார்.

கம்பெனியும் ஒருவழியாக என்னைக் கூப்பிட்டது. 2012-இல் எனக்குக் கல்யாணமாயிற்று. முதல் ஆடி வந்தது. என்னை அழைக்க ஆள் வரும் என்று மாமியார் வீட்டில் எல்லாரும் காத்திருக்க, அம்மாவிடமிருந்து என் கணவருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“மாப்ள, அவள நீங்களே வெச்சுக்குங்க. நானே வந்து பாத்துட்டுப் போறேன். இங்க அழைச்சாந்து தொலச்சுட்டம்னா, எங்களுக்கு பதிமூணாம் வாய்ப்பாட்டுக்கு மேல தெரியாது.”