நேராகப் போனால் மலையனூர்

பயத்தோடு குடும்பம் நடத்துவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. வழியைக் கொஞ்சம் சுற்றிக்கொண்டால் போதும். நான் மூன்று வருடம் அப்படித்தான் நடத்தினேன்.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். வலப்பக்கம் திரும்ப மட்டும் வராது. சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே, "ரைட் எடுக்கும்போது எதிர்ல வர்றவன எமன்னு நெனச்சிக்கம்மா" என்றார். அப்படியே நினைத்துக்கொண்டேன். மூன்று முறை இடப்பக்கம் திரும்பினால் ஒரு வலது வந்துவிடும் என்று கண்டுபிடித்து, செஞ்சி முழுக்க இடதாகவே சுற்றினேன். வீட்டுக்காரர் குவைத்தில். மகன் பிரபு சென்னையில், ஹாஸ்டலில். பால் வாங்கிவர எனக்கு ஏன் அரை மணி நேரம் ஆகிறது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஃபோனில் இருவரிடமும், "வண்டியா? பறக்கறேன்" என்று அளந்துகொண்டிருந்தேன்.

ஒருமுறை நாலு மாதம் கழித்து பிரபு ஊருக்கு வந்தான். பஸ் சீக்கிரமே வந்துவிட்டது என்று ஃபோன் செய்தான். "அம்மா, செஞ்சி வந்துட்டேன். நீ வர்றியா, ஆட்டோ புடிச்சிக்கட்டுமா?"

"அஞ்சு நிமிஷத்துல வரேன்டா!"

ஐந்து நிமிடத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஒரே வழி, நாலு ரோட்டில் வலப்பக்கம் திரும்புவது. இன்று திரும்பியே தீர்வது என்று கிளம்பினேன். அன்று அமாவாசை என்பதை மறந்துபோனேன். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. நடு ரோட்டில் இண்டிகேட்டர் மினுக்க நின்றேன். எதிரே எமன், அவன் பின்னால் இன்னொரு எமன்.

போலீஸ்காரர் கத்தினார். "யம்மா, திரும்பறதுன்னா திரும்பு, இல்லன்னா நேராப் போ! பின்னால பஸ்ஸு நிக்குது பாரு!"

நேராகப் போனேன்.

முன்னால் பஸ், பின்னால் பஸ். வளத்தி என்ற ஊர் வந்தது. பஸ்கள் இடப்பக்கம் திரும்பின. (இடதுதானே? நானும் அழகாகத் திரும்பினேன்.) வண்டியை ஓரம் கட்டி, இறங்கித் தள்ளித் திருப்பியிருக்கலாமே என்பீர்கள். இதுவரை கேட்காதவர்கள் இல்லை. அன்று தோன்றவில்லை.

மேல்மலையனூரில் வண்டிகள் நிறுத்தும் திடலில் போய் நின்றேன். பிரபுவுக்கு ஃபோன் செய்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"மலையனூர்ல."

"அங்க இன்னாத்துக்குப் போன?"

"திரும்ப முடியலடா."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீ அங்கயே இரு. பஸ்ஸு புடிச்சி வரேன்" என்றான்.

குடும்பம் குடும்பமாக ஜனம் என்னைத் தாண்டிப் போனது. எலுமிச்சம்பழம் விற்ற அம்மாள், "கூட யாரும் வரலியா?" என்று கேட்டாள். மூன்று வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. சட்டென்று கண் கலங்கிவிட்டது. வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு பழத்தை சும்மாவே கையில் வைத்தாள்.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. செஞ்சிக்குப் போக, திடலை விட்டு வலப்பக்கம் திரும்ப வேண்டும். கிளம்புகிறேன் என்று பிரபுவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் "வேணாம்மா" என்பான். அந்த ஒரு வார்த்தையில் என் தைரியம் இறங்கிவிடும். கையை நீட்டினேன். எதிரே வந்த பஸ் நின்றது. டிரைவர் திட்டினார், நல்ல திட்டு. ஆனால் பஸ் நின்றது! எமனுக்கும் பிரேக் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வளத்தியில் இன்னொரு வலது. செஞ்சி வரைக்கும் தனியாகவே சிரித்துக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஃபோன் அடித்தது.

"அம்மா, எங்க நிக்கற?"

"செஞ்சி பஸ் ஸ்டாண்டுலடா! ரைட் எடுத்துட்டேன்! ரெண்டு வாட்டி!"

"நான் மலையனூர்ல இருக்கேம்மா."

கூட்டத்தில் அவன் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் குழம்பை இரண்டு முறை சூடு செய்தேன்.

இப்போதும் நான் எங்கே கிளம்பினாலும் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து, "ரைட்டா, மலையனூரா?" என்று கேட்பார். பிரபுவும் அதையே கேட்பான். மூவரும் சிரிப்போம். ஃபோனை வைத்ததும் வீடு மறுபடி அமைதியாகிவிடும். சில நாள் மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நாலு ரோட்டுக்குப் போய், ஒரு வேலையும் இல்லாமல் வலப்பக்கம் திரும்பிவிட்டு வருவேன்.