குடும்பப் பிளானில் ஒரு கையெழுத்து

டொலீடோ, ஒஹாயோ
மார்ச் 9

அன்புள்ள ஐலீன் அக்காவுக்கு,

தம்பி வெண்டல் எழுதுவது. நான் நலம். முட்டி நலமில்லை, நீ கேட்கப் போவதில்லை என்பதால் அதை எழுதவில்லை. அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் போனை எடுப்பதே இல்லை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் புலம்புகிறாயாம். எடுக்காமல் இல்லை அக்கா, எடுத்து ஹலோ சொல்வதற்குள் அது உயிரை விட்டுவிடுகிறது. ஏழு வருஷத்து போன். பழையதைக் கொடுத்தால் புதியது இலவசம், மூன்று வருஷம் எங்களிடமே இருந்தால் போதும் என்று கம்பெனிக்காரன் நோட்டீஸ் அனுப்பினான். சரி, தொலையட்டும் என்று கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், கணக்கு உங்க பேர்ல இல்லையே, மார்லான்னு இருக்கே, யாரு?" என்றாள். "என் பெண்டாட்டி. பதினோரு வருஷம் முன்னால வரைக்கும்" என்றேன். விவாகரத்தில் வீட்டைப் பிரித்தோம், படகைப் பிரித்தோம், நாயைக்கூட வாரம் மாற்றி வாரம் பிரித்தோம். இரண்டு போனும் ஒரே கணக்கில் ஓடும் இந்தக் குடும்பப் பிளான் மட்டும் எந்த வக்கீலுக்கும் ஞாபகம் வரவில்லை. "அப்ப அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார்" என்றாள்.

மார்லாவைக் கூப்பிட்டேன். நடுவில் போன் இரண்டு தடவை செத்தது. "நானே உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அடுத்த மாசம் கேரியோட பிளானுக்கு மாறிடலாம்னு பாக்கறேன்" என்றாள். கேரி என்பது அவளோடு பந்து உருட்டும் பௌலிங் ஆட வரும் ஆள். நல்ல மனிதன் என்கிறார்கள், எனக்குப் பிடிக்காது. அக்கா, அவளோடு மிச்சம் இருந்தது அந்த ஒரு பிளான்தான்.

ஆனாலும் சனிக்கிழமை வந்தாள். கடை அம்மாள் காகிதத்தை நீட்டி, "மேடம், கையெழுத்துப் போட்டா மூணு வருஷத்துக்கு ரெண்டு பேரும் பிரியக் கூடாது" என்றாள். மார்லா சிரித்தாள் பார், பக்கத்துக் கவுன்டரில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங்க, சர்ச்ல பாதிரியார்கூட இவ்வளவு கறாரா சொல்லலையே!" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டாள். கேரியைப் பற்றிக் கேட்டேன். "அவரு இருக்கட்டும்யா, எனக்குப் பசிக்குது" என்றாள். சில்லி என்கிற கறிக்குழம்பு ஊற்றிய ஹாட் டாக் சாப்பிட்டோம். கேட்காமலே அவள் தட்டு வெங்காயத்தை எடுத்து என் தட்டில் போட்டாள். நான் தின்றேன். சந்தோஷமாக இருந்தது.

புது போன் தபாலில் வந்தது. அது வந்த பெட்டியிலேயே பழையதை வைத்து முப்பது நாளைக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் ரத்தாம். வந்த மறுநாளே அனுப்பிவிட்டேன். காரியம் முடிந்தது. இனி மூன்று வருஷத்துக்கு மார்லாவை நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நீ எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, தாராளமாகப் பேசலாம்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் கடவுள் நல்ல ஆயுளைக் கொடுக்கட்டும்.

உன் தம்பி,
வெண்டல்

பி.கு.: கூப்பிடாதே. பெட்டியில் போனது புது போனாம். கடை அம்மாள் சற்றுமுன் பேசினாள்: "ஐயையோ சார், மறுபடி மேடத்தைக் கூட்டிட்டு வந்து முதல்லேர்ந்து எழுதணும்!" மார்லாவிடம் சொன்னேன். "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? சனிக்கிழமை வரேன், வந்து தொலை" என்றாள். அக்கா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அத்தானுக்குக்கூடத் தெரிய வேண்டாம். உள்ளே இருப்பது எது என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் பெட்டியை ஒட்டினேன்.