ஆறு மாதக் குழந்தைக்கு அறுபது வயது

நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே தொழில் செய்கிற மருத்துவர்கள் சிலர் உண்டு. நான் அந்த ரகம். நோயியல் மருத்துவர். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றித் தருவார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று நான் சொல்ல வேண்டும். இதற்குக் கூர்மையான கண்ணும் சுத்தமான கையும் இருந்தால் போதும். கண்ணைப் பற்றி எனக்கு எப்போதுமே பெருமைதான். கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பத்து வருடங்களுக்கு முன்பு தென்காசியில் ஒரு லேப்பில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்களின் ஸ்லைடு வந்தால் ராஜா மாதிரி பதில் எழுதுவேன். குழந்தையின் ஸ்லைடு வந்தால் வியர்த்துவிடும். பெரியவர் உடம்பில் தென்பட்டால் பயப்பட வேண்டிய செல், குழந்தை உடம்பில் சமர்த்தாக அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன். "வந்துட்டா டாக்டர்?" என்று தினமும் வந்து கேட்கிற பெற்றோரின் முகத்தை மட்டும் மைக்ராஸ்கோப்பில் ஒளிந்துகொண்டு தவிர்க்க முடியவில்லை.

குழந்தைகள் நோயியலுக்கென்றே ஒரு வருடச் சிறப்புப் பயிற்சி இருந்தது. ஒரே ஒரு இடம். நாற்பது வயதுக்குள் சேர வேண்டும். எனக்கு முப்பத்தொன்பதே முக்கால். (முந்தைய இரண்டு முறையும் நேர்முகத் தேர்வில் என்ன செய்தேன் என்பதை வேறு யாராவது எழுதட்டும்.)

"இதுதான் கடைசி. இதையும் கோட்டை விட்டீயன்னா, பொறவு ஆயுசுக்கும் சென்னைக்குப் பார்சல் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றாள் என் மனைவி செல்வி.

அந்த வருடத் தேர்வு குற்றாலத்தில் நடந்தது. சாரல் பிடித்தவுடன் தமிழ்நாட்டு மருத்துவ உலகத்துக்குத் திடீரென்று அறிவுத் தாகம் எடுக்கும். பயிலரங்குகள் எல்லாம் அருவிக்கு நடக்கிற தூரத்தில்தான் நடக்கும். அப்படி ஒன்றுக்கு வந்த பேராசிரியை, அங்கேயே ஒரு லாட்ஜ் ஹாலில் தேர்வையும் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு.

ஏழு மணிக்கு என் மைத்துனன் முருகேசன் போன் செய்தான். போலீஸ்காரன். மெயினருவியில் சீசன் டூட்டி.

"அத்தான், வீட்டுல உக்காந்து என்ன செய்தீய? இங்கன வாங்க. எண்ணெ தேச்சு ஒரு குளியல் போட்டீயன்னா, மண்டையில உள்ள சூடெல்லாம் எறங்கி, கேக்குத கேள்விக்கு டாண் டாண்ணு பதில் வரும்."

போனேன். முப்பத்தொன்பதே முக்கால் வயதில் எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர் என்னைச் சப்பாத்தி மாவாக நினைத்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். காதுக்குள் ஒரு கரண்டி. "அசையாதீய அண்ணாச்சி, நரம்பு சுளுக்கிக்கிடும்" என்று அதட்டல் வேறு. குற்றாலத்துக் கணக்கு எளிமையானது: எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் அருவி பார்த்துக்கொள்ளும். சோப்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். நானும் எதுவும் கொண்டுபோகவில்லை.

பளபளவென்று எழுந்து அருவியை நோக்கிப் பத்தடி வைத்திருப்பேன். விசில் பறந்தது. மலையில் பெய்த மழையில் தண்ணீர் செம்மண் நிறமாகி, அருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது.

"எல்லாரும் வெளிய வாங்க! ஏலே சிவப்பு டவுசர், ஒனக்குத் தனியாச் சொல்லணுமால?" என்று கத்திக்கொண்டு வந்தது, என் மைத்துனன்.

"முருகேசா, நான் மட்டும் ஓரமா ஒரே நிமிசம்..."

"குளிக்கத் தடை அத்தான். ரூல்னா ரூல்தான்."

"எண்ணெய் தேய்க்கச் சொன்னதே நீதானே!"

"அப்போ தடை இல்லையே" என்றான். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை.

குளிக்க வந்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பியதில் தென்காசி சாலை அடைத்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்க் குளிக்க வழியில்லை. மணி எட்டு ஐம்பது. இருந்த ஒரே துண்டால் துடைத்தேன். துண்டு எண்ணெயானதே தவிர என் மேல் எண்ணெய் குறையவில்லை. அதன் மேலேயே வெள்ளைச் சட்டையை மாட்டினேன். ஐந்தே நிமிடத்தில் அது கண்ணாடித்தாள் ஆகி, உள்ளே என் பனியன் கம்பெனி பெயரைக்கூட வாசிக்க முடிந்தது.

ஹாலில் பேராசிரியை மேடமும், கேள்வி கேட்க இன்னும் இரண்டு தேர்வாளர்களும் இருந்தார்கள். அந்த ஒரே இடத்துக்கு என்னோடு போட்டியிட்டு, எனக்கு முன்னால் போன இருவரும் சிரித்த முகத்தோடு வெளியே வந்திருந்தார்கள். மேடம் கை நீட்டினார். பிடித்தேன். அவர் கை என் கையிலிருந்து மீன் மாதிரி நழுவிப் போனது. ஒரு தேர்வாளர் மூக்கை உறிஞ்சி, "இட்லிப் பொடி வாசம் வருதே, டிபன் ரெடியா?" என்று வாசலைப் பார்த்தார்.

ஒரே ஒரு ஸ்லைடு தந்தார்கள். கூடவே கையால் எழுதிய ஒரு சீட்டு: ஆறு மாதக் குழந்தை, இதய அறுவையின்போது நெஞ்சிலிருந்து எடுத்தது.

ஸ்லைடை முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது எங்கள் தொழில் சம்பிரதாயம். தூக்கினேன். வழுக்கியது. பிடித்தேன். மறுபடி வழுக்கியது. கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பிடித்தேன். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பதித்தேன்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. தைமஸ்! நெஞ்சுக்குள் இருக்கிற சுரப்பி. குழந்தைகளுக்கு அது கொழுகொழுவென்று செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். வயதாக ஆக வற்றி, இடமெல்லாம் கொழுப்பாகிவிடும். இந்த ஸ்லைடிலோ எங்கு பார்த்தாலும் வட்ட வட்டமாகக் கொழுப்பு.

"மேடம், இது தைமஸ்" என்றேன்.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"ஆனால் சீட்டில் தப்பு இருக்கிறது. இவ்வளவு கொழுப்பு ஆறு மாதக் குழந்தைக்கு வரவே வராது. இவர் அறுபது வயதுக்காரர். யாரோ கவனமில்லாமல் எழுதியிருக்கிறார்கள்."

"எழுதினது நான்தான்" என்றார் மேடம்.

"அப்படியானால்..." என்று விழுங்கினேன். வாய் நிற்கவில்லை. "இந்தக் குழந்தைக்கு அகால முதுமை மேடம்! உலகத்திலேயே முதல் முறையாக..."

மேடம் எழுந்து வந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். ஸ்லைடை எடுத்து மோந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து அழுத்தி இரண்டு துடைப்பு. திரும்ப வைத்து, "இப்ப பாருங்க" என்றார்.

கொழுப்பைக் காணோம். கொழுகொழு தைமஸ், ஆறு மாதத்துக்கு ஒரு நாள் கூடக் குறைய இல்லாமல். ஐம்பத்தொன்பதரை வருடத்தை மேடம் ஒரு கைக்குட்டையால் துடைத்துவிட்டிருந்தார்.

"இப்ப என்ன நோய்?"

"குழந்தைக்கு ஒன்றுமில்லை மேடம். எனக்குத்தான்."

வெளியே வந்து செல்விக்கு போன் செய்து, நாளையிலிருந்து பார்சல் கட்ட நூல்கண்டு வாங்கி வைக்கச் சொன்னேன்.

மாலையில் அறிவித்தார்கள். எனக்குத்தான் இடம்! காரணம் கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. பக்கத்திலிருந்த தேர்வாளர் கேட்டுவிட்டார். மேடம் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "மத்த ரெண்டு பேரும் பளிச்சுன்னு இருந்த ஸ்லைடைப் பார்த்து, நல்லா இருக்கிற குழந்தைக்குக் கேன்சர்னு எழுதிட்டாங்க. இவர் வயசை மட்டும்தான் கூட்டினார். இவருக்கு சோப்பு கொடுத்தா போதும்."

பயிற்சி முடித்துத் தென்காசிக்கே திரும்பினேன். இப்போது குழந்தைகளின் ஸ்லைடு சென்னைக்குப் போவதில்லை. முருகேசனோ, அந்த இடம் அவன் ஏற்பாட்டில் கிடைத்தது என்று இன்றும் ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் எனக்கு ஐம்பது முடிந்தது. கேக் வெட்டக் குனிந்தபோது என் மகள் என் வழுக்கையை உற்றுப் பார்த்துவிட்டு, செல்வியிடம் ஒரு கைக்குட்டையை நீட்டினாள்.

"எம்மா, நல்லா அழுத்தித் தொடச்சுப் பாரு. உள்ள ஆறு மாசக் கொழந்தை இருக்கும்."

செல்வி துடைத்தாள். இரண்டு தடவை. பிறகு கைக்குட்டையை மடித்து வைத்தபடி சொன்னாள்:

"போகல ட்டி. இது நெசமாவே வயசுதான்."