அறுபது அக்கா

ஒரே ஒரு எண்ணோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டிய மனுஷி இந்தப் பூமியில் ஒருத்திதான். அந்த எண் அறுபது. அதனாலேயே அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அறுபது அக்கா.

முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்திவந்தார். நாங்கள் பதினோரு பேர். அவர் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இட்லியை நின்றுகொண்டு சாப்பிடுவார், காபியை நடந்துகொண்டு குடிப்பார். போன் வந்தால் மாடிக்கு ஏறி, டேங்கில் தண்ணீர் பார்த்து, இறங்கிவந்து, கேட்டை ஒருமுறை பூட்டித் திறந்த பிறகுதான் பேச்சை முடிப்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஆகஸ்டில் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிவந்தார். நாலு கதவு, பின்னால் திறந்த தொட்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ராட்சச வண்டி. ஏதோ மலை எஸ்டேட்டில் ஓடியதாம். காய்கறி மூட்டைக்கும் சிலிண்டருக்கும் இவ்வளவு பெரிசு எதற்கு என்று கேட்டோம். “தேவைப்படும்” என்றார்.

வண்டிக்கு ஒரே ஒரு வியாதி. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரை சமத்தாகப் போகும். அறுபதைத் தொட்டதும் சாமி வந்த மாதிரி ஆடும். எழுபத்தைந்தைத் தாண்டினால் சாமி மலையேறிவிடும். வேறு யாராக இருந்தாலும் ஐம்பத்தைந்திலேயே ஓட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அக்காவால் முடியவில்லை. வண்டி ஆடியது அறுபதில் மட்டும். அக்கா நாள் முழுக்க ஆடினார்.

ஞாயிறு காலை அவுட்டர் ரிங் ரோட்டில் பரிசோதனை. என் ரூம்மேட் ஜெசிந்தா வண்டித் தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குனிந்திருக்க வேண்டும். நான் பின்சீட்டில் அசையாமல் உட்கார வேண்டும்.

“ஸ்டியரிங் ஆடினா கோளாறு முன்னாடி. சீட் ஆடினா பின்னாடி. சொல்லு, எங்க ஆடுது?” என்று அக்கா என்னைக் கேட்டார்.

“உட்கார்ற இடத்துல அக்கா.”

“எவ்வளவு ஆடுது?”

“முன்னாடி போற பஸ் ரெண்டா தெரியுது அக்கா.”

“இரு, நியூட்ரல் போடறேன். இப்ப?”

“இப்பவும் ஆடுது!”

“அப்ப எஞ்சின் இல்ல!” என்று ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ஹார்ன் அலறியது. ஓரமாகப் போன பால்காரர் சைக்கிளோடு மண்ணில் இறங்கினார்.

அடுத்த ஞாயிறு ஹாஸ்டலில் பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில் பக்தி முற்றிவிட்டது. விடிந்ததும் கோயிலுக்குப் போகிறவர்கள் போக, ஜெசிந்தாவோடு சர்ச்சுக்குக் கிளம்பிய அம்மன் பக்தைகளும் இருந்தார்கள்.

இரும்புலியூரில் பாய் ஒருவர் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். நல்ல மனிதர். அக்கா போகாத நாட்களில் நிம்மதியாகவும் இருந்தார். சக்கரங்களை பேலன்ஸ் செய்தார், டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டார், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களைப் புதிதாக மாட்டினார். அறுபது வந்தால் மறுபடியும் ஆட்டம்தான்.

“இன்னாக்கா, பழைய வண்டின்னா ஆடத்தான் செய்யும். ஆடாத வண்டி ஷோரூம்ல கீது, போய்ப் பாரு” என்றார் பாய்.

“ஷோரூம் வண்டி நிக்குது பாய். அதான் ஆடல.”

செப்டம்பரில் எனக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. “நானே விடறேன். கேளம்பாக்கம் ரோடு நீளமா இருக்கு” என்று அக்கா சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். வண்டலூரிலிருந்து, வழி கிடைத்த இடத்தில் எல்லாம் அறுபது. போய் இறங்கி, வாசல் ரெஜிஸ்டரில் போட்ட கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. இன்டர்வியூ எடுத்தவர் என் கையைப் பார்த்து, “டென்ஷன் ஆகாதீங்க” என்று தண்ணீர் கொடுத்தார். பாதி தண்ணீர் அவருடைய மேஜையில் கொட்டியது.

அப்போது மேஜையில் இருந்த போன் அடித்தது. கேட்டுவிட்டு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ரிசப்ஷன்ல உங்க அக்கா நிக்கிறாங்களாம். நீங்க பயத்துல நடுங்கல, வண்டியிலதான் கோளாறுன்னு என்கிட்ட சொல்லச் சொல்றாங்களாம்.”

வேலை கிடைக்கவில்லை. அக்கா நாலு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் தட்டில் மட்டும் இரண்டாவது ஆம்லெட் விழுந்தது.

அக்டோபர் வந்தது. மேகம் கூடக்கூட அக்காவின் நடை வேகமானது. சாமான் வாங்கித் திரும்பும் வழியில் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். “எனக்கு ஒண்ணும் புரிலக்கா. வேற ஷெட்டுக்குப் போயிடு.”

அக்கா வண்டியை ஏழெட்டு முறை சுற்றிவந்தார். சட்டென்று நின்றார். “பாய், எஞ்சின்லேர்ந்து பின் சக்கரத்துக்குச் சுத்திக்கிட்டே போகுதே நீளத் தண்டு, அதைக் கழட்டுங்க.”

“கழட்டிட்டா வண்டி எப்டி போவும்?”

“முன் சக்கரம் இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே? பின்னாடி ரெண்டும் கொஞ்சம் சும்மா வரட்டும்.”

பாய் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

தண்டை ஷெட்டிலேயே கிடத்திவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. அறுபது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பாய் தானே குனிந்து தரையில் கை வைத்துப் பார்த்தார். “அசையவே இல்லக்கா!”

“அப்ப திருடன் ஷெட்டுலதான் படுத்திருக்கான்” என்று அக்கா வண்டியைத் திருப்பினார்.

அந்தத் தண்டு இரண்டு துண்டு. பல்லோடு பல் சேர்த்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்தது. கெட்டிப்பட்ட கிரீஸை பாய் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். துண்டுக்கு ஒன்றாக இரண்டு சின்ன அம்புக்குறி தெரிந்தது. ஒன்றை ஒன்று பார்த்து நிற்க வேண்டியவை, மூன்று பல் தள்ளி, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் நின்றன.

“எவனோ எப்பவோ கழட்டிட்டு, கண்ண மூடிகினு மாட்டிகீறான்!” என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

சரியாகச் செருகி மாட்டியாயிற்று. அறுபதில் வண்டி ஆடவில்லை. அக்கா குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். “சரி, அரிசி வாங்க மறந்துட்டேன்” என்று கடைப்பக்கம் திரும்பினார்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் மதியம் ஹாஸ்டலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அக்கா எங்களை இரண்டு நடையாகப் பிரித்து வண்டியில் ஏற்றினார். சேலையூரில், மேட்டில் இருந்த அவருடைய தங்கை வீட்டுக்குப் பயணம். தெரு எது, சாக்கடை எது என்று தெரியாத தண்ணீரில் நாலு சக்கரமும் இழுக்க, வண்டி எருமை மாதிரி நிதானமாக நகர்ந்தது.

ஜெசிந்தாவுக்கு வாய் சும்மா இருக்காது. “அக்கா, பத்துலதான் போறோம். இதுக்கா எங்களை அறுபதுல அந்தப் பாடு படுத்துனீங்க?”

அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு மழையில நாலு பொண்ணுங்க ரெண்டு நாள் நம்ம மொட்டை மாடியிலயே நின்னாங்க. நான் தண்ணிக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டியை வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நின்னேன். எதுக்கு ஆடுதுன்னு தெரியாத வண்டியில உங்களை ஏத்திட்டு, நடுத் தண்ணியில ஏதாவது ஒடைஞ்சா, எங்கடி இறக்குவேன்?”

சேலையூரில் எங்களை இறக்கிவிட்டு, இருட்டும்வரை பக்கத்துத் தெருக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் மேடவாக்கத்தில், ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறேன். மழை இரண்டு நாள் சேர்ந்து பெய்தால் போன் வந்துவிடும். அந்தப் பக்கம் கேட்டைப் பூட்டித் திறக்கும் சத்தம் கேட்கும்.

“உங்க தெருவுல தண்ணி நிக்குதா? வண்டியை எடுத்துட்டு வரவா?”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். தெரு நனைந்திருக்கிறதே தவிர, தண்ணீர் தேங்கவில்லை.

“கொஞ்சம் நிக்குது அக்கா” என்கிறேன்.